ஸ்ரீ இல்லாத ஜாகுவார்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவரின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறதாம். புத்தம் புதிய மஸ்டா எம்.எக்ஸ்-5 வாங்கலாமா, அல்லது அதே விலைக்குப் பத்து ஆண்டுகள் ஓடிய போர்ஷே 911 ஒன்றை வாங்கலாமா என்பது அவனது குழப்பம். "அங்கிள், நீங்கள் பேப்பர்க்காரர். நாலும் தெரிந்தவர். சொல்லுங்கோ" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் பணியாற்றிய எனக்கு இன்றுவரை சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. ஆனால் இதே கேள்வி எங்கள் குடும்பத்தில் ஒருமுறை எழுந்திருக்கிறது. ஆண்டு 1957, இடம் திருகோணமலை. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

என் பெரியப்பா திருகோணமலை நீதிமன்றத்தில் புரொக்டர். அந்தக் காலத்துக் கனவான்களுக்குரிய எல்லாப் பழக்கங்களும் அவருக்கு இருந்தன. வெள்ளைக் காற்சட்டை, ஆங்கிலப் பத்திரிகை, மாலையில் டச்சுக் குடாக் கரையில் நடை. எல்லாவற்றுக்கும் மேலாக மோட்டார் வண்டிப் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்குத் தீனி போட்டது பிரித்தானியக் கடற்படை. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய நாளிலிருந்து ஆங்கிலேயர் இந்தத் துறைமுகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1948 இல் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பேரில் அவர்களுடைய கப்பல்கள் உட்துறைமுகத்திலேயே நங்கூரமிட்டுக் கிடந்தன. கடற்படைத் தளத்து அதிகாரிகளிற் சிலர் இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, கூரை மடக்கும் வண்டிகளை வைத்திருந்தார்கள். மான்கள் உலவும் கோட்டை வாசலிலிருந்து உவர்மலைப் பக்கம் அவை சீறிக்கொண்டு போவதைப் பார்ப்பதற்காகவே பெரியப்பா வழக்குக் கட்டுகளோடு தெருவோரம் நின்றுவிடுவாராம்.

1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அந்நியத் தளங்களை அகற்றுவது என்ற தம் வாக்குறுதியை நிறைவேற்ற முனைந்தார். 1957 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆம் திகதி திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 162 ஆண்டுகால ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. ஊருக்கு அது ஒரே நேரத்தில் பெருமையும் பேரிடியுமாக இருந்தது. தளத்தை நம்பிப் பிழைத்த கூலியாட்கள், பட்டறைத் தொழிலாளர்கள், எழுதுவினைஞர்கள், சலவைத் தொழிலாளர்கள், முட்டையும் மீனும் விற்றவர்கள் என எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்தத் தளத்தோடு பிணைந்திருந்தது.

புறப்படும் அதிகாரிகள் தளபாடங்களை விற்றார்கள். அவ்வாறு விலைக்கு வந்ததுதான் அந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120.

இந்த வண்டியைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டபோது உலகமே அதை வியந்து பார்த்தது. 3.4 லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட இயந்திரம். மணிக்கு 120 மைல் ஓடும் என்பதனாலேயே அந்தப் பெயர். 1949 இல் பெல்ஜியத்தில் ஒரு நெடுஞ்சாலையில் வைத்து ஓட்டிக் காட்டியபோது 132 மைலையும் தாண்டியது. 1954 வரையில் தயாரிக்கப்பட்டவை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஹொலிவூட் நடிகர் கிளார்க் கேபிள் ஒன்று வைத்திருந்தார் என்றால் அதன் மவுசு புரியும்.

மறுபுறம், கொழும்பில் விற்பனைக்கு இருந்தது எம்.ஜி.ஏ. 1955 இல் வெளிவந்த புதிய வடிவம். ஒன்றரை லீற்றர் இயந்திரம். ஜாகுவாரின் கம்பீரம் அதற்கில்லை. ஆனால் புதியது, உத்தரவாதம் உண்டு, உதிரிப்பாகங்கள் கிடைக்கும். 1962 இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்று, அதிற் பெரும்பகுதி ஏற்றுமதியான வண்டி அது.

வேறு நாடாக இருந்தால் கணக்கு இத்துடன் முடிந்திருக்கும். இலங்கையில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அது இலக்கத் தகட்டில் இருந்தது.

அதுவரை நம் நாட்டு வாகனங்களின் இலக்கத் தகடுகளில் 'சிலோன்' என்ற பெயரிலிருந்து பொறுக்கியெடுத்த ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக இடம்பெற்றிருந்தன. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதைத் தொடர்ந்து, 1957 ஜனவரியில், புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து பொறிக்கப்பட வேண்டும் என்று வந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க.

ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று இன்று கேட்கலாம். 'ஸ்ரீ' வடமொழிச் சொல். கல்யாணப் பத்திரிகையில் நாமும் எழுதுவதுதான். தமிழர்கள் பதிலுக்குத் தம் தகடுகளில் எழுதிக்கொண்ட தமிழ் 'ஸ்ரீ'யும் கிரந்த எழுத்தே. நம் 247 எழுத்துகளில் அது சேராது. ஆகவே சண்டை ஒலியைப் பற்றியதன்று. என் பணத்தில் நான் வாங்கி, என் வீட்டு முற்றத்தில் நிறுத்தும் வண்டியிலும் அரசு தன் மொழியைப் பதிக்குமா என்பதைப் பற்றியது. சட்டப் புத்தகத்தில் இருந்த தனிச் சிங்களத்தைப் படித்தவர்கள் சிலர். தெருவில் ஓடிய தனிச் சிங்களத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள எழுத்தின் மீது தார் பூசப்பட்டது. திருகோணமலையில் சூடு அதிகம். 1956 ஓகஸ்டில் கட்சி தன் மாநாட்டை நடத்தி, சமஷ்டி கேட்டு அரசுக்கு ஓராண்டு காலக்கெடு விதித்தது இந்த நகரில்தான். 1957 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தினத்தன்று, கடைத்தெரு மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்ட முயன்ற நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான்.

பழைய வண்டி வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. நம் நாட்டில் இலக்கம் வாகனத்துக்குரியது. உடைமையாளர் மாறினாலும் தகடு மாறாது. வெள்ளைக்கார அதிகாரியின் ஜாகுவாரில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. கொழும்பிலிருந்து எம்.ஜி.ஏ. வந்தால் சிங்கள ஸ்ரீயோடுதான் வரும்.

பெரியப்பா ஜாகுவாரை வாங்கினார்.

எங்கள் குடும்பத்தில் இது ஒரு வீரகாவியமாகச் சொல்லப்பட்டு வந்தது. நடராசன் விழுந்த அன்றே, "இனி ஸ்ரீ போட்ட வண்டி என் வளவுக்குள் வராது" என்று பெரியப்பா சபதம் செய்தாராம். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், அப்பா காலமான பின்னர், பழைய தகரப் பெட்டியொன்றைக் கிளறியபோது ஒரு கடிதம் கிடைத்தது. கொழும்பு முகவர் ஒருவர் பெரியப்பாவுக்கு அனுப்பிய விலைக் கடிதம். எம்.ஜி.ஏ. வண்டிக்கு உரியது. திகதியைப் பார்த்தேன். 1957 ஓகஸ்ட். அதாவது, சபதம் செய்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குப் பிறகும் பெரியப்பா புதிய வண்டிக்கு விலை கேட்டிருக்கிறார்! பண்டா - செல்வா ஒப்பந்தம் ஜூலை 26 இல் கைச்சாத்தாகி, சத்தியாக்கிரகம் கைவிடப்பட்டு, நாட்டில் சற்றே நம்பிக்கை நிலவிய நாள்கள் அவை.

கடிதத்தின் பின்புறம் பென்சிலால் இரண்டு நிரல்கள். ஒரு புறம் 'புதிது', மறுபுறம் 'பழையது'. விலையில் பழையது பாதிக்கும் குறைவு. கப்பலேறும் அவசரத்தில் இருந்தவர் விற்ற விலை. அதன் கீழ் உத்தரவாதம், உதிரிப்பாகம், பெற்றோல், தெரு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, பிழை அடையாளங்கள். 'புதிது' நிரலின் கடைசி வரியில் மட்டும் 'ஸ்ரீ' என்று ஒற்றைச் சொல். அதற்கு எதிரே ஒரு பிழை அடையாளம்.

பத்திரிகைக்காரனின் புத்தி முதலில் ஏமாற்றம் அடைந்தது. காவியம் சரிந்துவிட்டதே! பிறகு யோசித்தேன். சபதம் செய்த வீரரைவிட, கணக்குப் பார்த்த இந்த மனிதரையே எனக்கு இப்போது கூடுதலாகப் பிடித்திருக்கிறது. பணமும் பார்த்தார், ஆசையும் பட்டார், மானமும் ஒரு வரியாகக் கணக்கில் இருந்தது. நம் வரலாற்றில் பெரும்பாலானோர் இப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். பின்னால் வந்த நாம், மற்ற வரிகளை அழித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

அந்தக் கடைசி வரியின் கனம் அடுத்த ஆண்டு கூடியது. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. சிங்கள ஸ்ரீ பொறித்த போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தார் பூசும் போராட்டம் மீண்டும் வெடித்தது. தெற்கில் அதற்குப் பதிலடியாகத் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 ஆம் திகதி பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் இனக்கலவரம். அதைப் பதிவு செய்து நூலாக எழுதியவர் ஒரு சிங்களப் பத்திரிகையாளர், தாசி வித்தாச்சி, என்பதை எங்கள் தொழிலின் பெருமையாகவே இன்றும் நினைக்கிறேன்.

ஜாகுவாரின் கதை என்னவாயிற்று? வேகத்தைச் சொல்வதானால், 120 மைல் ஓடக்கூடிய வண்டி கந்தளாய்க் காட்டுத் தெருவில் நாற்பதைத் தாண்டியதில்லை. கிண்ணியாவுக்குப் போவதானால் அப்போது பாலமில்லை (அது 2009 இல்தான் வந்தது). பாதையில் ஏற்றும்போது வண்டியின் வயிறு பலகையில் உரசும். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, வாகன இறக்குமதி இறுகியது, உதிரிப்பாகம் குதிரைக்கொம்பாயிற்று. அப்போது கைகொடுத்தவர் கடற்படைப் பட்டறையில் வேலையிழந்திருந்த ஒரு பொருத்துநர். கப்பல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய கை; கடைசல் இயந்திரத்தில் இல்லாத பாகத்தை உண்டாக்கிவிடுவார். ஆங்கிலேயன் விட்டுப்போன வண்டியை, ஆங்கிலேயனிடம் தொழில் கற்றவரின் கை இருபது ஆண்டுகள் ஓட வைத்தது.

இந்தக் கதையில் என் அப்பாவின் பங்கையும் சொல்ல வேண்டும். அவர் கச்சேரியில் எழுதுவினைஞர். சைக்கிளில் வேலைக்குப் போனவர். 1961 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து சிங்களம் நிர்வாக மொழியாக நடைமுறைக்கு வந்தபோது, கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகால நிலையும் இராணுவமும் வந்து அவர்களை அகற்றின. அதன் பின் அப்பா சிங்கள அரிச்சுவடி வாங்கி, இரவில் லாம்பு வெளிச்சத்தில் எழுதிப் பழகினார். ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே! ஒருநாள் பெரியப்பா ஏதோ சொல்லிவிட, அப்பா சொன்ன பதிலை அம்மா எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறேன்: "அண்ணை, அந்த எழுத்து வேண்டாமெண்டால் நீங்கள் பழைய கார் வாங்கலாம். நான் பழைய கச்சேரியை எங்கை போய் வாங்கிறது?"

பெரியப்பா அதன் பிறகு அப்பாவிடம் மொழியைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

1979 இல், திறந்த பொருளாதாரம் வந்து யப்பானிய வண்டிகள் தெருவை நிறைக்கத் தொடங்கிய காலத்தில், பெரியப்பா ஜாகுவாரை விற்றார். வாங்கியவர் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்களப் பொறியியலாளர். அப்போது நான் சிறுவன். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அந்த ஆங்கில எழுத்துத் தகட்டைக் கையால் துடைத்தார். ஸ்ரீக்கு முந்திய இலக்கம் என்பதில் அவருக்குத்தான் எவ்வளவு மகிழ்ச்சி! பழைய வண்டிப் பிரியர்களுக்கு அது பழைமையின் முத்திரை. பெரியப்பா வாங்கிய விலையைவிடப் பல மடங்கு கொடுத்தார். பெரியப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து, பொருத்துநர் செய்த பாகங்கள் எவை எவை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

சிங்கள ஸ்ரீயும் காலப்போக்கில் தகடுகளிலிருந்து மறைந்தது; 2000 ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகளே திரும்பி வந்தன. எந்த எழுத்துக்காக இரத்தம் சிந்தப்பட்டதோ, அந்த எழுத்தை இன்று யாரும் தேடுவதில்லை. அதன் பின்னால் இருந்த கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்ட நண்பரின் மகன், "அப்ப அங்கிள், நான் எதை வாங்கிறது?" என்றான்.

"ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டு எழுது தம்பி. எல்லா வரியையும் எழுது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு" என்றேன்.