பொறியில் எழுந்த பத்து ராகங்கள்

ஐதராபாத்தின் பேகம்பேட்டிலே வாழும் தமிழ் அன்பர் ஒருவர் இல்லத்தில், மகனோ மகளோ கணிப்பொறியின் முன் தனித்தமர்ந்து இசை அமைப்பதை இன்று காணலாம். வாத்தியக் குழு இல்லை, படமுதலாளியும் இல்லை. இத்தகையோருக்கு நம் நாட்டில் முன்னோடியாக விளங்கிய ஒருவரைப் பற்றியே இப்பேச்சு. அவர் பெயர் சரண்ஜித் சிங்.

மின்னிசை அவருக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1969-இல் அமெரிக்க இசைவாணர் டேவிட் டியூடர் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையத்தில் மூக் என்னும் பொறியை நிறுவினார். கீதா சாராபாய் முதலியோர் அதில் சோதனைகள் செய்தனர். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் கூடம். சரண்ஜித் சிங்குக்கு அத்தகைய நிழல் வாய்க்கவில்லை. பம்பாய்த் திரையுலகில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர் அவர். ராகுல் தேவ் பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் ஆகியோரின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். திருமண வீடுகளிலும் வாசித்தார். நாடே முணுமுணுத்த பாடல்களில் அவர் விரல் உண்டு, பெயரைத்தான் காணோம்.

1982-இல் அவர் தமக்கென ஓர் இசைத்தட்டைச் செய்தார். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். திரைப்படங்களில் டிஸ்கோ மலிந்திருந்த காலம் அது. அத்தாளத்தை வைத்துக்கொண்டு தபலாவை நீக்கிவிட்டு ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே கூறினார். ரோலண்ட் கம்பெனியாரின் மூன்று ஜப்பானியப் பொறிகளே அவருக்குப் பக்கவாத்தியம். ஒன்று தாளம் தரும், ஒன்று மேல் சுரங்களை ஒலிக்கும், மூன்றாவதாகிய டி.பி.-303 கீழ்ச் சுரங்களை இடைவிடாது சுழற்றும்.

இம்மூன்றாவதில் ஒரு நுட்பம் உண்டு. ஹார்மோனியத்தில் ஒரு சுரம் நின்றபின் அடுத்தது பிறக்கிறது. இப்பொறியிலோ மின்னழுத்தம் படிப்படியாக மாறுவதால் ஒரு சுரம் மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். வீணையில் தந்தியின்மேல் விரலை வழுக்கி வாசிக்கும் ஜாருவை அறிந்த காதுக்கு இது அந்நியமன்று. கிட்டார்க்காரர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்ட அப்பொறி சந்தையில் விலை போகவில்லை; 1984-இல் அதன் உற்பத்தியே நின்றது. பயன் இன்னதென்று செய்தவர்களுக்கே விளங்காத பொருளில் அவர் ராகத்துக்கு இடம் கண்டார்.

அந்தப் பத்தும் இந்துஸ்தானி ராகங்கள். எனினும் நமக்கு அவற்றுள் உறவினர் பலர். யமன் நம் கல்யாணி. பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். கலாவதி நம் வலஜி. பைராகி நம் ரேவதி. தோடி மட்டும் பெயரால் ஏமாற்றும்: அது நம் சுபபந்துவராளி.

தட்டு விற்கவில்லை. ராக ரசிகருக்குத் தாளம் கசந்திருக்கலாம். ஆடுவோருக்கு ராகம் நீண்டிருக்கலாம். அவர் மீண்டும் பிழைப்புக்குத் திரும்பினார். 1987-இல் சிகாகோ நகரத்து இளைஞர்கள் அதே டி.பி.-303 கொண்டு செய்த ஒரு தட்டு, ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசையைப் பரப்பியது. 2002-இல் டில்லியில் சரண்ஜித் சிங்கின் பழைய தட்டு ஹாலந்து நாட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமனின் கையில் அகப்பட்டது. 2010-இல் அவர் அதை மறுபடி வெளியிட்டதும், அந்த இசைக்கே மூலபுருஷர் இவர்தாம் என்று மேனாட்டில் சிலர் எழுதினர். இது மிகை என்பது என் கருத்து. சிகாகோவினர் இத்தட்டைக் கேட்டார்கள் என்பதற்குச் சான்றில்லை. அவர்கள் பொறியின் குமிழ்களைத் திருகித் திருகிப் புதிய ஒலியைத் தேடினர். இவருக்கோ ஆரோகண அவரோகணமே எல்லை. ஒரே பொறி இரு ஊர்களில் இரு வேறு வழிகளில் ஒரே ஓசையை எட்டியது என்பதே வியப்பு. அதற்கு மேல் ஒரு பட்டம் எதற்கு?

புகழ் வந்தபோது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது. ஐரோப்பிய மேடைகளில் அதே பொறிகளுடன் அமர்ந்து அதே ராகங்களை வாசித்தார்; முன்னே பேரப்பிள்ளைகள் வயதினர் ஆடினர். 2015-இல் மும்பையில் அவர் காலமானார்.