உருளைக்கிழங்கு

'உருள்' என்ற வினையடியாகப் பிறந்தது உருளை. பழந்தமிழில் சக்கரத்துக்கும் அதுவே பெயர். தென்னமெரிக்காவில் தோன்றிய கிழங்குக்கு அதன் வடிவத்தைப் பார்த்தே நம்மவர்கள் எவ்வளவு அழகாகப் பெயரிட்டார்கள்! அயர்லாந்துக்காரர்கள் வந்த பெயரையே திரித்து 'ப்ராட்டா' என்கிறார்கள். அதை மசித்து, முட்டைக்கோஸும் வெண்ணெயும் சேர்த்தால் 'கோல்கேனன்'. ஹாலோவீன் இரவில் அதற்குள் காசை ஒளித்துவைப்பார்கள்; கிடைத்த பிள்ளைக்குக் கொண்டாட்டம்.

1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதே ஆண்டு அயர்லாந்தின் கிழங்குகளை அழுகல் நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள், குழந்தைகளும்தான். அந்தக் கிழங்கு இன்று கொடைக்கானலை அடுத்த மன்னவனூர், பூம்பாறை வயல்களில் விளைகிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு அதைப் பருப்புச்சோற்றோடு மசித்து, நெய்விட்டு ஊட்டுகிறோம்.