ஆரஞ்சு சுமந்த இரயில்

விளைச்சல் மிகுவதும் ஓர் இடரே. கலிபோர்னிய ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை நன்குணர்ந்தனர். பிரேசிலிலிருந்து வந்த விதையற்ற வகையொன்று 1870களில் ரிவர்சைடு நகரில் ஊன்றப்பெற்று, ஒட்டு முறையால் பல்லாயிரம் மரங்களாகப் பரவியிருந்தது. பழங்கள் குவிந்தன, வாங்குவோர் பெருகினாரல்லர். தொலைவிலிருந்த மாநிலங்களில் ஆரஞ்சு என்பது கிறிஸ்துமஸ் நாளில் குழந்தைகளுக்குக் கிட்டும் அரும்பொருள், அன்றாட உணவன்று.

1907 மார்ச்சில் பழ வளர்ப்போரின் கூட்டுறவு அமைப்பு, சதர்ன் பசிபிக் இரயில்வேயுடன் செலவைப் பகிர்ந்துகொண்டு ஐயோவா மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தது. பதாகைகள் அணிந்த தனி இரயில்கள் பழங்களோடு அங்குச் சென்றன. 'உடல்நலத்திற்கு ஆரஞ்சு, செல்வத்திற்குக் கலிபோர்னியா' என்பது முழக்கம். அதன் பிற்பாதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இரயில்வேயிடம் விற்பதற்கு நிலம் இருந்தது. குடியேறிகளும் அதற்குத் தேவைப்பட்டனர். நலம் பேச வந்த வண்டி நிலமும் பேசிற்று!

ஐயோவாவில் ஆரஞ்சு விற்பனை ஏறத்தாழப் பாதியளவு உயர்ந்தது. மறு ஆண்டே 'சன்கிஸ்ட்' என்னும் வணிகப் பெயர் பிறந்தது. 1916இல் 'ஆரஞ்சைப் பருகுங்கள்' என்ற விளம்பரம் எழுந்தது. சுளையாக உண்பவருக்கு ஒரு பழம் போதும். சாறு பிழிபவருக்கு இரண்டு மூன்றேனும் வேண்டுமல்லவா?

அத்தோப்புகளில் பழம் பறித்தோருள் சீனரும் ஜப்பானியரும் மெக்சிகோ நாட்டவரும் இருந்தனர். செல்வத்திற்கான அழைப்பு அவர்களை நோக்கியதன்று. 1913இல் கலிபோர்னியா இயற்றிய நிலச் சட்டம், ஜப்பானியக் குடியேறிகள் அம்மாநிலத்தில் வேளாண் நிலம் வாங்குவதையே தடுத்தது.