அனுப்புநர், பெறுநர், பொருள் - ஆபீஸ் மெயிலின் பூர்வ கதை

ஸ்கூல்ல தமிழ் ரெண்டாம் தாள்ல கடிதம் எழுதச் சொல்வாங்களே, ஞாபகம் இருக்கா? அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: தெருவிளக்கு வேண்டி... மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அதே வடிவத்தைத்தான் இப்ப ஆபீஸ்ல உக்காந்து தினமும் டைப் அடிச்சிக்கிட்டு இருக்கோம். ஃபிரம், டூ, சப்ஜெக்ட், சிசி... இதுல ஒண்ணுகூட நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்க கண்டுபிடிச்சது இல்லீங்க. எல்லாம் காகிதக் காலத்துச் சரக்கு. அந்தக் கதை தெரிஞ்சாலே பாதி மெயில் ஒழுங்கா வந்துடும்.

முதல்ல சிசி. விரிச்சா கார்பன் காப்பி. 1806-ல இங்கிலாந்துல ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் கார்பன் தாளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா டைப்ரைட்டர் வந்த பிறகுதான் அது ஆபீஸ் ஆபீஸா நுழைஞ்சது. நம்ம ஊர் மனுக்கள்ல கடைசி வரியைப் பாருங்க. கிராம நிர்வாக அலுவலருக்கு மனு எழுதிட்டு, கீழே "நகல்: மாவட்ட ஆட்சியர்"னு ஒரு வரி. தகவலுக்குன்னு சொல்லிக்கலாம், உள்நோக்கம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும் :-) மேனேஜரை சிசி-ல போடுறதும் அதே கலைதான். அடிக்கடி செஞ்சா பயம் போயிடும், பகை மட்டும் மிஞ்சும். சிசி-ல இருக்குறவர் படிச்சாப் போதும், வேலை செய்ய வேண்டியதில்லை. வேலை ஆகணும்னா ஆளை டூ-வுல போடுங்க, உள்ளேயும் பேரைச் சொல்லிக் கேளுங்க. அஞ்சு பேரை டூ-வுல போட்டு "யாராவது பாருங்க"ன்னா யாரும் பாக்க மாட்டாங்க.

அடுத்து சப்ஜெக்ட். அந்தக் காலத்துல கம்பெனிக் கடிதங்களோட நகலைத் தேதி வாரியா தடிப் புத்தகமா பைண்ட் பண்ணி வெச்சிருப்பாங்க. எதையாவது தேடணும்னா கண்ணு பூத்துடும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில, தாள்களை நிக்க வெச்சு அடுக்குற ஃபைல் அலமாரியைக் காட்சிக்கு வெச்சாங்க. அப்புறம்தான் விஷயவாரியா ஃபைல் போடுற வழக்கம் பரவுச்சு. எந்த ஃபைல்ல போடணும்னு குமாஸ்தாவுக்குச் சொல்லத்தான் மெமோ தலையில ஒரு 'பொருள்' வரி. ஒரு மெமோவுக்கு ஒரே விஷயம். இப்ப குமாஸ்தா வேலையை சர்ச் பண்ற பெட்டி செய்யுது, அவ்வளவுதான். "ஹாய்", "அர்ஜென்ட்" எல்லாம் பொருளே இல்லை. ஆறு மாசம் கழிச்சுத் தேடினா கிடைக்குமா? அதை யோசிச்சு எழுதுங்க. பேச்சு வேற விஷயத்துக்குப் போயிட்டா தலைப்பையும் மாத்துங்க.

சரி, மெஷின் பக்கம் வருவோம். 1965-லேயே எம்ஐடி-யில ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் மெயில் வெச்சாங்க. 1971-ல ரே டாம்லின்சன் பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு மெஷினுக்கு நடுவுல, நெட்வொர்க் வழியா அனுப்பினார். @ குறி வந்தது அப்போதான். 1973-ல தலைப்பு வரிகளுக்கு ஒரு வரையறை எழுதினாங்க. எழுதின நாலு பேர்ல ஒருத்தர் ஐஐடி கான்பூர்ல படிச்ச அபய் பூஷன். 1977-ல வந்த வரையறையில சிசி, பிசிசி ரெண்டும் இருக்கு.

"அப்போ நம்ம சிவா அய்யாதுரை?"ன்னு கேப்பீங்க. மும்பையில பிறந்த தமிழரான அவர் 1978-ல, 14 வயசுல, நியூஜெர்சி மருத்துவக் கல்லூரிக்காக 'ஈமெயில்'னு ஒரு மென்பொருள் எழுதினார், 1982-ல அதுக்குப் பதிப்புரிமை வாங்கினார். அந்த வயசுக்குப் பெரிய விஷயம். ஆனா மேலே இருக்குற வருஷங்களைப் பாத்தா 'கண்டுபிடிச்சவர்' பட்டம் சரியா வராது.

1975-ல ஜான் விட்டல் எழுதின எம்எஸ்ஜி புரோகிராம்ல பதில் போட ஒரு தனிக் கட்டளை வந்துச்சு. முகவரியைத் திரும்ப அடிக்க வேண்டாம். வசதியோட வினையும் வந்தது. 1997 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட்ல சுமார் 13,000 பேர் இருந்த ஒரு மெயில் பட்டியல்ல "என்னை எடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் எல்லாருக்கும் பதில் போட, "என்னையும்"னு அடுத்தவர் போட... மெயில் சர்வர்கள் படுத்துடுச்சு. 2016 நவம்பர்ல பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவையில ஒரு டெஸ்ட் மெயில் 8.4 லட்சம் கணக்குக்குப் போய் அதே கூத்து. "இனிமே ரிப்ளை ஆல் போடாதீங்க"ன்னு ரிப்ளை ஆல் போடுற புண்ணியவான் எல்லா ஊர்லயும் உண்டு.

கடைசியா என்ரான். 2001 டிசம்பர்ல திவாலான கம்பெனி. விசாரணைக்கு எடுத்த ஊழியர்களோட மெயில்களை 2003-ல அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவில போட்டுச்சு. ஆராய்ச்சியாளர்கள் கையில சுத்துற தொகுப்புல மட்டும் சுமார் 150 பேரோட அஞ்சு லட்சம் மெயில். குடும்பச் சண்டை, சாப்பாட்டுத் திட்டம் எல்லாம் சேர்த்து. தப்பே பண்ணாதவங்களோடதும் அதுல இருக்கு. ஆபீஸ் மெயில் நம்ம சொத்து இல்லை பாஸ்.

அதே மெயில் காப்பாத்தவும் செய்யும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, கிளையன்ட் போன்ல "இந்த டெஸ்டிங் வேண்டாம்"னு சொன்னதும் "இப்போ பேசினபடி இதை விட்டுடுறேன்"னு ரெண்டு வரி மெயில் தட்டிட்டான். மூணு மாசம் கழிச்சு அது வெடிச்சப்ப எல்லா விரலும் அவன் பக்கம்தான் நீண்டுச்சு. அந்த ரெண்டு வரிதான் அவன் வேலையைக் காப்பாத்துச்சு.

கொசுறா மூணு விஷயம்:

1. கேக்க வேண்டியதை முதல் ரெண்டு வரியில கேட்டுடுங்க. வரலாறு கீழே இருக்கட்டும்.

2. 04/05-ன்னு தேதி போடாதீங்க. நமக்கு மே நாலு, அமெரிக்காக்காரனுக்கு ஏப்ரல் அஞ்சு. மாசத்தை எழுத்துல எழுதுங்க.

3. கோவத்துல அடிக்கிற மெயிலுக்கு டூ பெட்டி காலியாவே இருக்கட்டும். டீ குடிச்சிட்டு வந்து பாத்தா பாதி வரி தானா அழிஞ்சிடும் :-)