மான் வேட்டைத் தோட்டாக்களின் பின்னுதைப்பும் ஆயுதச் சட்டமும்

மான் வேட்டைக்கான தோட்டாக்களைப் பின்னுதைப்பின்படி வரிசைப்படுத்தும் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே வேட்டைக்காரர் கடைக்குப் போய்த் தம் தோளுக்கு ஒத்துவருவதை வாங்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் அந்த வசதி சிலருக்கே இருந்தது. புள்ளிமானையும் கடமானையும் சுட்டவர் தோளில் வாங்கிய உதையை, விலங்கின் உடல்வாகைவிட ஆயுதச் சட்டமே அதிகம் தீர்மானித்தது என்பது என் வாதம்.

படையின் .303 தோட்டா வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்பது ஆங்கிலேய அரசின் அச்சம். திருட்டுப்போன தோட்டாவுக்குப் பொருந்தும் துப்பாக்கி ஊருக்குள் இருந்தால் கிளர்ச்சிக்கு அது உதவிவிடும். ஆகவே உரிமம் பெற்றவருக்கும் .303 மறுக்கப்பட்டது. துப்பாக்கி செய்பவர்கள் ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, லீ ரைஃபிளின் உடலில் பொருத்தி, .315 என்று விற்றார்கள். பிற்பாடு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையும் அதையே செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் போர்க்களத்துக்கென்று வார்த்த கனத்த குண்டு இப்படித்தான் மான்காட்டுக்கு வந்தது.

அதன் விலை என்ன என்று கணக்கிடலாம். .315 குண்டின் எடை 15.8 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 620 மீட்டர். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, ஜெர்மனியின் 7×57 மவுசர் தோட்டாவைச் சுடுவது. அதில் 9.1 கிராம் குண்டு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் போகும். குழல்வாயில் இரண்டின் ஆற்றலும் 3,050 ஜூல் அளவில் ஏறக்குறைய ஒன்றே. குண்டின் உந்தத்தோடு மருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் கூட்டி (வாயுவின் வேகம் 1,200 மீட்டர் எனக் கொண்டு), இரண்டு ரைஃபிளும் 3.4 கிலோ என்று வைத்தால், .315 பின்னோக்கித் தரும் ஆற்றல் 25 ஜூல்; .275 தருவது 18. அதே கணக்கில் .243 வின்செஸ்டர் 12 ஜூலோடு நின்றுவிடும். புள்ளிமானுக்கு அதுவே போதும். வாயுவின் வேகத்தை மாற்றிப் போட்டால் இடைவெளி சற்று மாறலாம், வரிசை மாறாது. அதாவது .315 வைத்திருந்தவர், ரிக்பி வைத்திருந்த துரைக்குக் கிடைத்த அதே பலனுக்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல் உதையை வாங்கினார்.

ஜூல் கணக்கு பாதிக் கதைதான். தோள் உணர்வது உதையின் அளவை மட்டுமல்ல. அது வரும் வேகத்தையும், எத்தனை பரப்பில் இறங்குகிறது என்பதையும்தான். கட்டையின் பின்முனை அகலமாக இருந்தால் உதை பரவும். குறுகிய இரும்புத் தகடு எலும்பில் குத்தும். கட்டை கீழ்நோக்கி வளைந்திருந்தால் குழல் மேலே எகிறி, கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். பரணில் உட்கார்ந்து சுடுபவரின் இடுப்பு பின்னால் வளைந்துகொடுக்கும். தரையில் குப்புறப் படுத்தவருக்கு அந்த இடம் இல்லை, உதை முழுதும் காறையெலும்பில் இறங்கும். தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர் 39 ஜூல் வரை தருவது. ஆட்கொல்லி எதிரே நிற்கும்போது எவருக்கும் தோள் நினைவுக்கு வராது. மான் அப்படியில்லை. அது நின்று மேய்கிறது, சுடுபவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே இறுகிவிடும்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகிறது. அங்குள்ள முதலியார்பேட்டை ஆலைச்சங்குக்கு எழுந்த ஊர். மான்காடு அதற்கு ஏது? துப்பாக்கி அறிந்தவர்கள் பிரெஞ்சுப் படைக்குப் போய்வந்த சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள். முதல் உலகப் போரில் அந்தப் படையின் ரைஃபிள் லெபல். அதன் தோட்டாவுக்கும் 8×50 என்றே அளவு. எல்லைக்கு அப்பால் தென்னாற்காட்டில் புழங்கிய .315-இன் மூலத் தோட்டாவுக்கும் அதே அளவுதான். ஆனால் ஒன்று மற்றதில் நுழையாது. லெபல் 4.2 கிலோ கனம். 12.8 கிராம் குண்டை 700 மீட்டர் வேகத்தில் அனுப்பியும் 19 ஜூல்தான் திருப்பித் தரும். அதே தோட்டாவை 3.4 கிலோ ரைஃபிளில் இட்டால் 23 ஜூலுக்கு ஏறிவிடும். ரைஃபிளின் எடையைச் சொல்லாமல் தோட்டாவை மட்டும் ஒப்பிடும் அட்டவணைகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம். பிரான்சிலும் 1939 ஆணைக்குப் பின் படைத் தோட்டாக்கள் பொதுமக்களுக்கு எட்டாமல் போக, பழைய லெபல்களின் அறையை 8×60-க்குக் குடைந்து வேட்டைக்கு விற்றார்கள். இரண்டு பேரரசுகளுக்கும் ஒரே பயம்.

உதைக்கு அஞ்சியவர் கண்ணை இறுக்கி விசையை வெடுக்கென்று இழுப்பார். குண்டு தோள்பட்டைக்குப் பின்னால் வயிற்றில் படும். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி நாள்கணக்கில் கிடந்து சாகும். .315-ஐப் போன்ற கனத்த, மெதுவான குண்டு உதையைச் சற்று நீட்டித் தள்ளலாகத் தரும் என்று அதை விரும்புவோர் வாதிடுவதுண்டு. ஆனால் மேற்சொன்ன கணக்கில் .315 பின்வாங்கும் வேகம் நொடிக்கு 3.8 மீட்டர், .275-க்கு 3.2. தள்ளல் என்பது ரப்பர் பட்டையும் அகலக் கட்டையும் உள்ள ரைஃபிளுக்குப் பொருந்தலாம். பித்தளைத் தகடு வைத்த ரைஃபிளுக்குப் பொருந்தாது.

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின் இங்கும் அதே தடைப்பட்டியல். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் மான் வேட்டையை முடித்துவைத்தன. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட ரகம்; .315 இன்றும் உரிமத்துக்குக் கிடைக்கிறது.