சிசிஎன்ஏ சான்றிதழ்ப் பயிற்சி

சிசிஎன்ஏ என்பது கணினி வலையமைப்புத் துறையில் நுழைவோருக்காக அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் தொழில்சார் சான்றிதழ் ஆகும். சிஸ்கோ சர்ட்டிஃபைட் நெட்வொர்க் அசோசியேட் என்பதன் சுருக்கமே இப்பெயர். ரவுட்டர் எனப்படும் திசைவிகளையும், சுவிட்ச் எனப்படும் நிலைமாற்றிகளையும் அமைத்து இயக்குவதற்கும், அவற்றில் ஏற்படும் பழுதுகளின் காரணத்தைக் கண்டறிவதற்கும் தேவையான அடிப்படை அறிவு இத்தேர்வில் சோதிக்கப்படுகிறது. இத்தேர்வை எழுதுவதற்கு முன்தகுதியோ பட்டமோ கட்டாயம் அல்ல. எனினும் நூலறிவுடன் செய்முறைப் பழக்கமும் இன்றியமையாதது என்பதால், பயிற்சியின் பெரும்பகுதி கருவிகளுடனோ அவற்றைப் போன்று இயங்கும் மென்பொருட்களுடனோ நடைபெறுகிறது.

வரலாறு

சிஸ்கோ நிறுவனம் 1984 ஆம் ஆண்டு லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் ஆகியோரால் தொடங்கப்பட்டது. இந்நிறுவனத்தின் சான்றிதழ்களில் முதலில் தோன்றியது மிக உயர்ந்த படியான சிசிஐஇ ஆகும். இது 1993 இல் அறிமுகமானது. தொடக்கநிலையினருக்கான சிசிஎன்ஏ 1998 இல் வெளிவந்தது. இதற்கும் கீழான படியாக 2007 இல் கொண்டுவரப்பட்ட சிசென்ட் என்னும் சான்றிதழ் 2020 இல் கைவிடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு, கம்பியில்லாத் தொடர்பு, தரவு மையம் எனச் சிசிஎன்ஏ பல பிரிவுகளாகப் பெருகியது. இப்பிரிவுகளில் பெரும்பாலானவை 2020 பெப்ரவரி 24 அன்று 200-301 என்னும் குறியெண் கொண்ட ஒரே தேர்வாக ஒன்றிணைக்கப்பட்டன. அத்தேர்வின் பாடத்திட்டம் 2024 ஆகத்தில் சிறிய அளவில் திருத்தப்பட்டது.

தொழில்நுட்ப மாற்றங்களுக்கேற்பப் பாடங்களும் மாறிவந்துள்ளன. தொடக்ககாலத் தேர்வுகளில் நோவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ் நெறிமுறை இடம்பெற்றிருந்தது. பின்னர் அதுவும், 2016 இல் ஃபிரேம் ரிலே தொழில்நுட்பமும் நீக்கப்பட்டன. எனவே பழைய நூல்களைக் கொண்டு படிப்போர், அவை எந்தத் தேர்வுக் குறியெண்ணுக்காக எழுதப்பட்டவை என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நன்று.

பாடத்திட்டம்

200-301 தேர்வின் பாடப்பகுதிகளும் அவற்றுக்கான விழுக்காடும் பின்வருமாறு:

- வலையமைப்பு அடிப்படைகள் - 20%
- வலையமைப்பு அணுக்கம் - 20%
- இணைய நெறிமுறை இணைப்பு - 25%
- இணைய நெறிமுறைச் சேவைகள் - 10%
- பாதுகாப்பு அடிப்படைகள் - 15%
- தானியக்கமும் நிரலாக்கமும் - 10%

தேர்வின் கால அளவு 120 நிமிடங்கள் ஆகும். ஒரு வினாவைக் கடந்து சென்றபின் மீண்டும் அதற்குத் திரும்ப இயலாது. தேர்ச்சிக்கான மதிப்பெண்ணைச் சிஸ்கோ வெளியிடுவதில்லை. 2024 இல் தேர்வுக் கட்டணம் வரி நீங்கலாக 300 அமெரிக்க டாலர்களாக இருந்தது. தோல்வியுற்றவர் மீண்டும் எழுத ஐந்து நாட்கள் காத்திருத்தல் வேண்டும். கட்டணத்தையும் மீண்டும் செலுத்தவேண்டும். பெற்ற சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

இத்தேர்வு ஆங்கிலத்திலும் யப்பானிய மொழியிலும் வடிவமைக்கப்பட்டது. ஆகவே கருத்துக்களைத் தமிழில் கற்றுத் தெளிபவர்களும், திசைவியின் கட்டளைகளையும் கலைச்சொற்களையும் ஆங்கிலத்தில் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

முகவரிப் பகுப்பு

பயிற்சியில் மாணவர்கள் பெரிதும் இடர்ப்படும் பகுதிகளுள் ஒன்று, ஒரு வலையமைப்பைச் சிறு துணை வலையமைப்புக்களாகப் பிரித்தல் ஆகும். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் ஒரு முகவரி 32 பிட்டுக்களைக் கொண்டது. 192.168.10.0/26 என்று எழுதும்போது, முதல் 26 பிட்டுக்கள் வலையமைப்பையும், எஞ்சிய 6 பிட்டுக்கள் அதிலுள்ள கருவியையும் குறிக்கின்றன. 6 பிட்டுக்களால் 64 முகவரிகளை உருவாக்கலாம். அவற்றுள் முதலாவது வலையமைப்பையே குறிக்கும்; கடைசி முகவரி, அவ்வலையமைப்பிலுள்ள அனைவருக்கும் செய்தி அனுப்பப் பயன்படும். எனவே கருவிகளுக்கு எஞ்சுபவை 62 ஆகும்.

இவ்வாறு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரையிலான முகவரிகளை 0-63, 64-127, 128-191, 192-255 என நான்கு துணை வலையமைப்புக்களாகப் பிரிக்கலாம்.

இக்கணக்கின் பயன் பழுது நேரும்போதே தெளிவாகிறது. எடுத்துக்காட்டாக, ஒரே நிலைமாற்றியில் இணைக்கப்பட்ட இரு கணினிகளுக்கு 192.168.10.60/26, 192.168.10.70/26 என்னும் முகவரிகள் தரப்பட்டுள்ளதாகக் கொள்வோம். கம்பிகள் சரியாக உள்ளன. நிலைமாற்றியின் பச்சை விளக்குகளும் எரிகின்றன. ஆயினும் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு அனுப்பும் பிங் கட்டளைக்கு மறுமொழி வராது. முதற்கணினி 0-63 பிரிவிலும், இரண்டாவது 64-127 பிரிவிலும் இருப்பதே காரணம். இடையில் ஒரு திசைவியை அமைக்கவேண்டும். அல்லது இரண்டின் முகவரிகளையும் /25 என மாற்றி ஒரே வலையமைப்பினுள் கொண்டுவரவேண்டும். 62 என்னும் விடையை மட்டும் மனனம் செய்தவர் கம்பியை மாற்றிக்கொண்டிருப்பார். கணக்கின் பொருளை உணர்ந்தவர் முகவரியைப் பார்ப்பார்.

செய்முறைப் பயிற்சி

செய்முறைப் பயிற்சி பொதுவாக மூன்று வழிகளில் மேற்கொள்ளப்படுகிறது.

- உண்மைக் கருவிகள்: பயன்படுத்திய பழைய திசைவிகளையும் நிலைமாற்றிகளையும் குறைந்த விலைக்கு வாங்கிப் பழகுதல். கருவியின் கன்சோல் துளையைக் கணினியுடன் இணைத்து, வினாடிக்கு 9600 பிட்டு வேகத்தில் கட்டளைகள் அனுப்பப்படுகின்றன. கம்பிகளையும் துளைகளையும் நேரில் கையாளும் பழக்கம் இவ்வழியில் கிடைக்கிறது.
- பாக்கெட் டிரேசர்: சிஸ்கோவின் பாவனை மென்பொருள். 1997 இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாதமியின் மாணவர்களுக்கு இது இலவசமாக வழங்கப்படுகிறது. உண்மைக் கருவியின் எல்லாக் கட்டளைகளும் இதில் இல்லை. எனினும் தொடக்கநிலைப் பயிற்சிக்குப் போதுமானது.
- ஜிஎன்எஸ்3: திறந்த மூல மென்பொருள். இது சிஸ்கோவின் உண்மையான இயங்குதளத்தையே கணினியில் இயக்கவல்லது. ஆனால் அவ்வியங்குதளம் இதனுடன் வருவதில்லை. உரிய உரிமத்துடன் தனியே பெறவேண்டும்.

நூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்திகள் செய்முறையில் மனத்தில் பதிகின்றன. திசைவியில் இடும் அமைப்புக்கள் முதலில் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அவற்றைச் சேமிக்காமல் மின்சாரத்தை நிறுத்தினால் அனைத்தும் அழிந்துவிடும். ஒரு மணிநேர வேலையை இவ்வாறு இழந்த மாணவர் சேமிக்கும் கட்டளையைப் பின்னர் மறப்பதில்லை.

வினாத் திரட்டுகளும் நம்பகத்தன்மையும்

தேர்வில் கேட்கப்பட்ட வினாக்களை விடைகளுடன் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்கும் வழக்கம், இத்துறைச் சான்றிதழ்கள் அனைத்தையும் பாதித்துள்ளது. இத்தொகுப்புக்கள் டம்ப் என அழைக்கப்படுகின்றன. இவற்றைப் பயன்படுத்துதல் சிஸ்கோவின் தேர்வு ஒப்பந்தத்துக்கு முரணானது. கண்டறியப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படலாம். மீண்டும் தேர்வெழுதத் தடையும் விதிக்கப்படலாம். இவ்விடைகள் பல வேளைகளில் பிழையாகவும் இருக்கின்றன.

இதன் பாதிப்பு ஏமாற்றியவருடன் நிற்பதில்லை. சான்றிதழ் பெற்றவர் நேர்முகத் தேர்வில் ஒரு திசைவியை அமைக்கத் தெரியாமல் நிற்கும்போது, அச்சான்றிதழின் மீதே வேலை தருவோரின் நம்பிக்கை குறைகிறது. உழைத்துப் பெற்றவரும் அதனால் இழப்படைகிறார். எனவே பல நிறுவனங்கள் சான்றிதழைப் பார்ப்பதுடன் நில்லாமல், விண்ணப்பதாரருக்குப் பழுதுள்ள ஒரு சிறு வலையமைப்பைக் கொடுத்து அதைச் சரிசெய்யச் சொல்கின்றன.

வேலைவாய்ப்பு

சிசிஎன்ஏ பெற்றவர்கள் பொதுவாக வலையமைப்புக் கண்காணிப்பு மையங்களிலும், தொழில்நுட்ப உதவிப் பிரிவுகளிலும் தொடக்கநிலைப் பணிகளில் சேர்கின்றனர். அடுத்த படிகளாகச் சிசிஎன்பி, சிசிஐஇ ஆகிய சான்றிதழ்கள் உள்ளன. எந்த நிறுவனத்தின் கருவிகளையும் சாராத அடிப்படைத் தேர்வை விரும்புவோர், காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழைத் தெரிவு செய்வதுண்டு.