பூனைக்காலி விதையும் சர்ப்பகந்தி வேரும்

அண்மையில் வேலப்பன்சாவடியில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய அத்தாவுக்குச் சில ஆண்டுகளாக நடுக்குவாதம். தொழுகை இருப்பில் தொடைமீது வைத்த வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும், இல்லாத தஸ்பீஹ் மணியை உருட்டுவனபோல் ஓயாது அசைந்துகொண்டிருந்தன. மேசைமீது மருத்துவர் எழுதிக்கொடுத்த லெவோடோபா மாத்திரைகள். அருகே நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்றில் பூனைக்காலி விதைத் தூள். "இரண்டும் ஒரே மருந்துதானாமே? நம் ஹகீம்கள் கண்டறிந்திருந்ததை ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்களே?" என்று நண்பர் வினவினார். முதற்கேள்விக்கு ஓரளவு ஆம் எனலாம். இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாக விடை கூறிவிட இயலாது.

இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் 'ரஅ்ஷா' எனும் நடுக்கத்தைத் தனி நோயாக ஆராய்ந்துள்ளார். எனினும் அவர் பேசுவது நடுக்கம் அனைத்தையும் பற்றியே. நடுக்கம், தசையிறுக்கம், குனிந்த நடை, அசைவின் மந்தம் ஆகியவற்றுள் பலவற்றை ஒரே நோயின் முகங்களாகக் கண்டு 1817இல் எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர் விவரித்தவர் அறுவர் மட்டுமே. அவர்களுள்ளும் சிலர் தெருவில் கண்டவர்கள். மூளையில் என்ன நேர்கிறது என்பதை அவரால் கூற இயலவில்லை. நடுமூளையிலுள்ள 'கருந்திட்டு' என்னும் பகுதியின் உயிரணுக்கள் இந்நோயாளரிடம் அழிந்திருப்பதை 1919இல் பாரிசில் திரெத்தியாக்கோஃப் எடுத்துக்காட்டினார். அவ்வணுக்கள் எதைச் சுரக்கின்றன என்பது அப்போதும் தெரியாது.

இவ்விடத்தில்தான் நம் சென்னை வரலாற்றில் நுழைகிறது. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவர் பூனைக்காலி விதையிலிருந்து 'டோபா' எனும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1913இல், சுவிட்சர்லாந்தின் குக்கன்ஹைம் அதே பொருளை ஐரோப்பிய அவரை வகையொன்றில் கண்டிருந்தார். ஆவல் மிகுதியால் இரண்டரை கிராம் விழுங்கி வாந்தியெடுத்ததையும் மறைக்காமல் எழுதிவைத்தார். சித்தத்திலும் யூனானியிலும் பூனைக்காலி ஆண்மைக்கும் உடல்வலிமைக்கும் உரியதாகவே பெரிதும் பெயர்பெற்றிருந்தது. ஆயுர்வேதத்தில் வாத நோய்களுக்கும் அது பயன்பட்டதுண்டு. எவ்வாறாயினும், 1937இல் சென்னையில் கைக்குக் கிடைத்த பொருள் நடுக்குவாதத்தின் மருந்து என்று உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் டெல்லியில் மற்றோர் இழை நூற்கப்பட்டது. ஹகீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியாக் கல்லூரியில் மூலிகைகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதற்காக அவர் தேர்ந்தவர் ஜெர்மனியில் கற்ற சலீமுஸ்ஸமான் சித்தீகி. ஆய்வு தொடங்கும் முன்னரே, 1927இல், ஹகீம் மறைந்தார். சித்தீகி 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து தாம் பிரித்த பொருளுக்கு 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். புரவலருக்கு ஆய்வாளர் செலுத்தும் நன்றிக்கடன் வேதியியல் அகராதியில் இடம்பெறுவது அரிது. நம்மவர் இதனை அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது. அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதாக எழுதினர். அவ்வாறு தணிக்கும் முதன்மைப் பொருளான 'ரெசெர்ப்பின்' மட்டும் சித்தீகியின் கைக்கு எட்டவில்லை. 1952இல் பாசல் நகரின் சீபா நிறுவனத்தார் அதனைப் பிரித்தெடுத்தனர்.

இவ்விரு மூலிகைகளும் சந்தித்த இடம் சுவீடன். 1957இல் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசெர்ப்பின் செலுத்தினார். அவை கண்ணிமை தாழ்ந்து அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபாவைச் செலுத்தவே எழுந்து நடமாடின. வேர் முடக்கியதை விதையிலுள்ள பொருள் மீட்டது. டோபா மூளையில் 'டோபமின்' ஆக மாறுவதே காரணம் என்றும், அந்த டோபமின் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலேயே செறிந்திருக்கிறது என்றும் அவர் குழுவினர் நிறுவினர். 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது. வியன்னாவில் ஏரிங்கரும் ஹார்னிக்கீவிச்சும் இறந்த நோயாளரின் மூளைகளை ஆராய்ந்து, அப்பகுதிகளில் டோபமின் பெரிதும் வற்றியிருப்பதை 1960இல் காட்டினர். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ், வாந்தியைத் தவிர்க்க அளவைச் சிறுகச் சிறுக உயர்த்தி, அதனை நெடுநாள் உண்ணத்தக்க மருந்தாக்கினார்.

ஆக, எவரும் எவரிடமிருந்தும் களவாடவில்லை. சென்னையில் பொருள் இருந்தது. அது எந்நோய்க்கு எனக் கூறும் மூளை அறிவு இல்லை. அவ்வறிவு பிறந்ததற்கோ நம் நாட்டு வேரொன்று கருவியாயிற்று. இதில் நாம் பெருமை கொள்ள இடமுண்டு; உரிமை கோர இடமில்லை என்பது நம் கருத்து.

மருந்து கிடைத்தபின்னும் நோய் வெல்லப்படவில்லை. நடுக்கம் வெளிப்படும் வேளையில் கருந்திட்டின் அணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும்; லெவோடோபா குறையை நிரப்புமேயன்றி அழிவைத் தடுக்காது. அவ்வணுக்களுள் திரளும் உருண்டைகளின் முதன்மைக் கூறு ஆல்ஃபா சினுக்ளின் எனும் புரதம் என்பது 1997இல் தெரியவந்தது. அது ஏன் திரள்கிறது என்னும் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

இனி நண்பரின் பொட்டலம். இலண்டனில் எட்டு நோயாளரிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 30 கிராம் பூனைக்காலி மருந்து வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவும் நெடுநேரமும் வேலை செய்தது. ஆயினும் அது அளந்து தரப்பட்ட மருந்து. கடைத்தூளில் டோபா எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையோடு அதனையும் உண்டால் அளவு மிகுந்து, கட்டுக்கடங்கா அசைவுகளும் இரத்த அழுத்தத் தாழ்வும் நேரக்கூடும். "அத்தாவுக்கு இதையும் கொடுத்து வருகிறீர்களா?" என்று கேட்டோம். ஒரு மாதமாகக் கொடுப்பதாகவும், மருத்துவரிடம் சொல்லவில்லை என்றும் நண்பர் தயங்கியவாறு கூறினார். மறுநாளே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அத்தாவோடு மருத்துவரிடம் செல்வதாக ஒப்புக்கொண்ட பின்னரே விடைபெற்றோம்.